வெளுக்கும் சட்டை

அந்தப் பெரியவரைக் கொல்ல அவளுக்கு மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். இன்று பத்தாவது நாள். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, வாளியில் ஊறிக்கொண்டிருந்த அரக்கு நிறச் சட்டையைக் குச்சியால் புரட்டிப் போட்டாள். ப்ளீச்சிங் பவுடர் நெடியில் கண் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வருவதற்கு அதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆறு வருடமாக ஓடும் டிவி தொடர். அதில் யார் எதை உடுத்துவது என்பது அவள் பொறுப்பு. குடும்பத் தலைவராக வரும் அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே அடர் நிறச் சட்டைதான். ஒரு பாத்திரம் சாகப் போகிறதென்றால் இந்தத் தொடரில் யாரும் வசனத்தில் சொல்ல மாட்டார்கள். சட்டை நாளுக்கு நாள் வெளுக்கும். பார்க்கிறவர்களுக்கு ஏனென்றே தெரியாமல் அந்த ஆள் விலகிப் போவது போலத் தோன்றும்.

கதை எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது நடிகர்களுக்கு முன்பே உடைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். வெளியே வாயைத் திறந்தால் வேலை போய்விடும். "அப்பாவை முடிக்கிறோம், வெளுக்க ஆரம்பிச்சிடு" என்று டைரக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வயதில் அந்த மனுஷனுக்கு வேறு யார் வேஷம் கொடுக்கப் போகிறார்கள்?

"என்னம்மா, என் சட்டைக்குக் குளியலா?"

வாசலில் அவரேதான். கதையில் மட்டுமில்லை, லைட் பிடிப்பவர் முதல் டீ கொடுப்பவர் வரை எல்லோருக்கும் அவர் அப்பாதான்.

"உள்ள வாங்கப்பா. அளவு பார்த்துடுறேன்."

அவர் தன் சொந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தொழில் புத்தி யாரை விட்டது? அவள் கண் அதன் மேல் ஓடியது. இரண்டு பக்கத் தையலையும் யாரோ உள்ளே பிடித்து, கையாலேயே பொடிப்பொடியாகத் தைத்திருந்தார்கள். நூல் மட்டும் ஒரு சாயல் மாறியிருந்தது.

முந்தின வாரம் வெளுத்து வைத்திருந்த படப்பிடிப்புச் சட்டையை மாட்டிவிட்டாள். தோளில் தொளதொளவென்று தொங்கியது. இந்த மாதத்தில் இரண்டாவது தடவையாகக் குண்டூசி குத்திப் பிடித்தாள்.

"மறுபடியும் இளைச்சிருக்கீங்க."

"சர்க்கரையை விட்டுட்டேன்ல. வீட்டுல கூடவே இருக்கிறவளே கவனிக்கலை, உன் டேப்புக்குத் தெரிஞ்சுடுது பாரு."

சிரித்துக்கொண்டே கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். "நல்லாத்தான் வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் வெளுக்கலாமோ?"

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. குண்டூசி டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களைக் கதையில முடிக்கப் போறாங்க. இன்னிக்கே டைரக்டர்கிட்ட பேசுங்க. நானும் கூட வரேன். கால்ல விழணும்னாலும் விழறேன்."

அவர் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "பேசிட்டேனேம்மா. என்னை முடிச்சிடுங்கன்னு நான்தான் கேட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஈரல்ல கட்டி. முத்திப் போச்சாம். டாக்டர் மாசக் கணக்குதான் சொல்றார். நாலு மாசமா வீட்டுல சொல்லணும்னு வாயைத் திறக்கிறேன், பேச்சு கரெண்ட் பில்லு, காய்கறின்னு போயிடுது. நாப்பது வருஷம் அடுத்தவன் எழுதின வசனத்தை அருவியாக் கொட்டின வாய்தான் இது."

அவள் குண்டூசி டப்பாவை எடுத்து மூடினாள்.

"என் வீட்டுக்காரி எட்டு மணிக்கு இந்தத் தொடரை விட மாட்டா. கதையில ரெண்டாவது பையன் கெட்டுப் போகப் போறான்னு அவன் காலரை வெச்சே சொன்னவ. அதான் யோசிச்சேன். நீ வெளுத்துக்கிட்டே போ. ஒருநாள் அவளுக்கே மனசுல படும். மெல்லமாப் படட்டும்."

"அம்மாவுக்குப் புரிஞ்ச மாதிரி இருக்கா?"

"ம்ஹூம். தினமும் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கிறேன். முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. நீ இன்னும் தைரியமா வெளுக்கணும்."

"அப்பா, ஷாட் ரெடி!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அவர் எழுந்து, அவள் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

அவள் வாளியருகே குந்தி உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பவுடர் டப்பாவைத் திறந்தாள். அவரால் சொல்ல முடியாததைச் சட்டையாவது சொல்லட்டும் என்று ஒரு கரண்டி அதிகமாகவே அள்ளினாள்.

போன் அடித்தது. அவர் மனைவி. வாரம் ஒருமுறை கூப்பிட்டு, தொடரில் வரும் மருமகளுக்குப் பச்சை எடுபடவில்லை, சின்னவளுக்குக் கம்மல் பெரிசு என்று குறை சொல்லாவிட்டால் அந்த அம்மாளுக்குத் தூக்கம் வராது.

"சொல்லுங்கம்மா."



"அவர் சட்டையை இதுக்கு மேல வெளுக்காதம்மா."

"இல்லம்மா, அது வந்து... கதைப்படி..."

"கதை எனக்கு நாலு மாசமாத் தெரியும். ரிப்போர்ட்டை அலமாரில ஒளிச்சு வெச்ச அன்னிக்கே எடுத்துப் படிச்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா அவர் உடைஞ்சுடுவாரு. எட்டு மணியானா டிவியை விட்டுட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரும்மா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அவரளவுக்கு நடிக்க வராதும்மா."