தம்பியின் சட்டை

பல் மருத்துவமனைக்குப் பின்னால் நிற்கும் காரின் ஜன்னல் உடைந்து, கண்ணாடித் துண்டுகள் பின் இருக்கையெங்கும் கல்லுப்பு போலச் சிதறிக் கிடக்கின்றன. உச்சி வெயில் அவற்றில் பட்டுக் கண் கூசுகிறது. இருக்கையில் வைத்திருந்த பையைக் காணவில்லை. அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் அவள், கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, திறந்த கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். செய்தி கேட்டு வந்த கணவன் இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறான். "பாத்துங்க, கையக் கிழிச்சுக்காதீங்க" என்கிறாள். காவலர் நோட்டைக் காரின் மேல் விரித்துக்கொள்கிறார். "பையில என்னென்னம்மா இருந்துச்சு?" கணவன் முந்திக்கொண்டு லேப்டாப், சார்ஜர், குடை என்று அடுக்குகிறான். பேனா ஓடுகிறது. "அப்புறம் ஒரு சட்டை" என்கிறாள் அவள். "புதுசாம்மா?" "இல்லங்க. என் தம்பியோடது. துவைக்காதது." தம்பி இறந்து இருபது நாளாகிறது என்பதைக் கணவன்தான் தணிந்த குரலில் சொல்கிறான். தினமும் மதிய இடைவேளையில் அவள் காருக்குள் வந்து உட்கார்ந்து, அந்தச் சட்டையில் முகம் புதைத்துக்கொள்வது அவனுக்கும் தெரியாது. பேனா நின்றுவிடுகிறது. எங்கோ ஒரு வண்டி பின்னால் நகரும் பீப் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. "தேடிப் பாக்கலாம்மா" என்கிறார் காவலர். பிறகு மெதுவாக, "என்ன கலரு?" என்று கேட்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். தம்பியின் வியர்வை வாசனை நினைவிருக்கிறது. காலர் கன்னத்தில் உரசுவது நினைவிருக்கிறது. நிறம் மட்டும் வர மறுக்கிறது. கண்ணை மூடிக்கொண்டுதான் எப்போதும் அதைக் கையில் எடுத்திருக்கிறாள். கணவன் பக்கம் திரும்புகிறாள். "என்ன கலருங்க அது?" என்கிறாள்.