சும்மாடு

தகுதி பார்க்கும் இயந்திரம் மாரிக்கனிக்குக் கண்காணிப்பு வேலையைத் தேர்ந்து கொடுத்தது. சுமைக்காரன் மகளுக்குச் சுமைக்காரர்களைத் தெரியும் என்பதுதான் காரணம். ஏசி அறையில் உட்கார்ந்து, துறைமுகக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்குகிறவர்களைத் திரையில் பார்க்க வேண்டும். முகம் தெரியாது, வெறும் நிழலுருவம்தான். யாராவது ஓய்ந்து நின்றால் அவர் இடுப்பில் மாட்டிவிட்ட வார் தானாக அதிரும். வீட்டில் ஆபீஸ் பேரையும் கம்ப்யூட்டர் வேலை என்பதையும் மட்டும் சொல்லிவைத்தாள்.

மூன்றாம் நாளே மேலாளரிடம் போய் நின்றாள்.

"சார், அடிக்கடி தலைச் சும்மாட்டுத் துணிய அவுத்துக் கட்டுறாங்கல்லா, அது கட்டுறதில்ல. மூச்சு வாங்குறாங்க."

அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் காத்து நின்ற நாட்களில் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. மேலாளர் அசந்துபோனார். அன்றே கண்காணிப்பு இயந்திரத்துக்கு அதைப் பழக்கிவிட்டார்கள். வேலை நிரந்தரமானது. மாரிக்கனி வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனாள்.

மறுவாரம் அப்பா சுடலைமுத்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தார். வார் அதிர்ந்த இடம் இடுப்பைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது.

"இப்பல்லாம் சும்மாட்டுல கை வச்சாலே அதிருது தாயி. மிஷினுக்கு இது எப்படித் தெரியும்? நம்மாளு ஒருத்தன்தான் காட்டிக்குடுத்திருக்கான். சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவனா இருக்க மாட்டான்."

அவள் குனிந்து குழம்பை ஊற்றினாள். தட்டு நிரம்பி வழிந்ததை அவர்தான் கை நீட்டித் தடுத்தார்.

"அத விடு. என் மவ ஏசி ரூமுல வேல பாக்கான்னு கிட்டங்கி பூராவும் சொல்லிட்டேன்."

"எந்த ஆபீசுன்னும் சொல்லிட்டீங்களாப்பா?"

"ஆமா. ஏன் தாயி, சொல்லக் கூடாதா?"