இன்னும் மூணு மாசம்

"எத்தனை மாசம்?" நர்ஸ் லெத்திசியா தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னும் மூணு மாசம் இருக்குக்கா."

லெத்திசியா நிமிர்ந்தாள். வேம்புவின் வயிற்றைப் பார்த்தாள். லாஸ்பேட்டையின் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில், பெஞ்சில் இருந்த அத்தனை கர்ப்பிணிகளும் பார்த்தார்கள்.

"ஆறு முடிஞ்சிருச்சா? வயிறே தெரியலையே! சோறு திங்கிறியா இல்லியாம்மா?"

பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு அம்மாள் விருட்டென்று எழுந்து வெளியே போனாள்.

வேம்புவுக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. சிரிப்பு வந்தது. அவள் வேலை பார்க்கும் தட்டாஞ்சாவடி கம்பெனியில் ஒரு வாரமாக எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வாய் பழகிவிட்டது.

"நான் முழுகாம இல்லக்கா. கல்யாணத்துக்குத்தான் இன்னும் மூணு மாசம்."

பெஞ்ச் குலுங்கியது.

"பாருடி இவள! அரிசி களையறதுக்கு முன்னாடியே சோறு வெந்துச்சான்னு பாக்க வந்திருக்கா!" என்றாள் ஒரு நிறைமாதக்காரி.

"சோறு பாக்க வரலக்கா. அரிசியில கல்லு இருக்கான்னு பாக்க வந்தேன்."

சிரிப்பு நின்றது.

வேம்புவின் அக்காவுக்கு உடம்பில் ரத்தம் குறைவு என்று ஏழாம் மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

"ரத்தம், சுகர் எல்லாம் பாக்கணும்க்கா. இப்பவே போட வேண்டிய ஊசி, மாத்திரை இருந்தாலும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

ஜன்னல் வழியே வேம்பு வெளியே பார்த்தாள். எழுந்து போன அம்மாள் வாசலில் காசு போட்டுப் பேசும் ஒரு ரூபாய் போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

செல்வாம்பாள். மாப்பிள்ளை அருள்முருகனின் அத்தை. நிச்சயத்தன்று வேம்புவின் தலையில் பூ வைத்தவள். கனகசெட்டிக்குளத்திலிருந்து மகளைச் செக்கப்புக்கு அழைத்து வந்திருக்கிறாள்.

பேச்சின் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனவள். கல்யாணம் நிற்க அந்தப் பாதி போதும்.

வேம்பு ஓடவில்லை. கூப்பிடவும் இல்லை. சுடிதார் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

எதிரே ரத்தம் எடுக்கும் அறையில், திரைக்குப் பின்னால், ஒரு செல்போன் கெட்டிமேளம் கொட்டியது.

திரை விலகியது. இடது முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்தியபடி அருள்முருகன் வந்தான். வலது கையில் போன்.

"சொல்லு அத்தை... யாரு, வேம்புவா? தோ, எதிர்லதான் நிக்கிறா. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேருமே டெஸ்ட் எடுத்துக்கிறோம். எனக்கு எடுத்தாச்சு, அடுத்து அவளுக்கு."

வெளியே செல்வாம்பாள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

நிச்சயத்தன்று வேம்பு அவனிடம் கேட்ட ஒரே சீர், இருவருக்குமான அந்த டெஸ்ட்.