ஒரு ஸாரி

ஒரே ஒரு ஸாரி சொல்லிவிட்டு வந்தால் போதும் என்று கெஞ்சித்தான் சின்னப்பன் அவளைக் கூட்டிவந்திருந்தான். இப்போது பங்களா முற்றத்தில், மனைவி ஆரோக்கியசெல்விக்கு ஓரடி பின்னால், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நிற்கிறான்.



வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் என்ஜினியர் பக்தவத்சலம். அவருக்குப் பின்னால், கதவோரமாக அவர் மனைவி விசாலாட்சி. முற்றம் முழுக்க கூலி வேலை மஸ்தூர்களும் குடியேறிய பெங்காலி செட்லர்களும் கூடிவிட்டார்கள். போர்ட் பிளேரைத் தாண்டிக் கிடக்கிற இந்தத் தீவில் சினிமாக் கொட்டகை கிடையாது. அவர்களுக்கு இது போதும்.

ஏப்ரல் வெயிலில் ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்புக் கரித்துவிட்டன. பங்களாக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதில் வெளியாள் யாரும் மொள்ளக் கூடாது என்று என்ஜினியர் உத்தரவு போட்டிருந்தார்.

அடுத்த வீட்டுப் பெங்காலிப் பெண் பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள். பச்சை உடம்புக்காரிக்கு உப்புத் தண்ணீரையா கொடுப்பது? விடியற்காலையில் போய் ஒரு குடம் மொண்டாள் ஆரோக்கியசெல்வி. குடம் இடுப்பில் இருக்கும்போதே காவலுக்கு இருந்த சௌக்கிதார் பிடித்துவிட்டான்.

ஸாரி சொன்னால் விஷயம் இதோடு போச்சு. சொல்லாவிட்டால் சின்னப்பனுக்கு லாஞ்சில் படகோட்டும் வேலை கிடையாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் போய்ச் சேர வேண்டியதுதான். தூத்துக்குடியில் அவர்களுக்கென்று ஒரு ஓலைக் கீற்றுகூட மிச்சமில்லை.

காசா பணமா, ஒரு சொல்தானே என்பது சின்னப்பன் கட்சி. அதுவும் நியாயம்தான். இந்தத் தீவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஸாரிக்குப் பஞ்சம் வந்ததில்லை.

கப்பல் பிந்தினால் படகுத்துறை ஜெட்டியில் ஸாரி. ரேஷனில் அரிசி தீர்ந்தால் ஸாரி. லாஞ்சில் ஏறும்போது காலை மிதித்தவனும் ஸாரி என்பான், மிதிபட்டவனும் ஸாரி என்பான். இந்தி தெரியாத தமிழனுக்கும், தமிழ் தெரியாத தெலுங்கனுக்கும், இரண்டும் தெரியாதவனுக்கும் புரிகிற சொல் அது ஒன்றுதான். என்ஜினியர் ஐயாவுக்கோ தும்மினால்கூட ஸாரிதான் வரும்.

போன வருஷம் ஆரோக்கியசெல்வியின் மூத்தவன் காய்ச்சலில் கிடந்தான். போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக லாஞ்ச் வேண்டும் என்று இதே முற்றத்தில் வந்து நின்றாள். லாஞ்ச் ஓட்டுகிறவன் அவள் புருஷன்தான். டீசல் கொடுக்க வேண்டியவர் இவர். டீசல் இல்லை என்று ஒரு ஸாரி கிடைத்தது.

பிள்ளையை அடக்கம் செய்த அன்று இன்னொன்று கிடைத்தது.

அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு வேறு. எப்போதாவது கப்பலில் பாதிரிச் சாமியார் வருவார். பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டால் லேசில் விடமாட்டார். செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் உண்டா என்பார். இனிமேல் செய்வதில்லை என்று பிரதிக்கினை உண்டா என்பார். அந்தப் பிரதிக்கினை இல்லாமல் கேட்கிற மன்னிப்பு செல்லாது. சின்ன வயதில் மாதா கோயிலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்த பாடம் அது.

காலையிலிருந்து ஆரோக்கியசெல்வி தன் மனசைத் துழாவிப் பார்த்துவிட்டாள். பயம் இருந்தது. கோபம் நிறையவே இருந்தது. பிரதிக்கினை மட்டும் இல்லை.

நேரமாகிறது என்றார் என்ஜினியர். சின்னப்பன் பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தொட்டான்.

"சொல்லமாட்டேன் அய்யா. அந்தப் பிள்ளை பெத்தவளுக்காக நாளைக்கும் தண்ணி எடுக்க வருவேன். வருவேன்னு தெரிஞ்சிக்கிட்டே ஸாரி சொன்னா அது பொய்யில்லா?"

சின்னப்பன் கண்ணை மூடிக்கொண்டான். தமிழ் தெரிந்த ஒரு மஸ்தூர் பக்கத்திலிருந்தவர்களுக்கு அதை இந்தியில் சொல்ல, கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

பக்தவத்சலத்துக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் அவர் கெட்டிக்காரர். வேறு வழியில் வந்தார். கிணற்றடிக் கேட்டுக்கு ராத்திரி பூட்டுப் போட்டிருந்தது. பூட்டை உடைக்கவும் இல்லை. அப்படியென்றால் உள்ளே இருக்கிற ஆள் யாரோதான் திறந்துவிட்டிருக்க வேண்டும். அது யார் என்று சொன்னால் போதும், ஸாரியும் வேண்டாம், அவள் புருஷன் இன்றைக்கே லாஞ்சுக்குப் போகலாம் என்றார்.

சௌக்கிதார் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆரோக்கியசெல்வி என்ஜினியரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கண்ணைத் திருப்பவில்லை. வேலையும் வீடும் போனால் போகட்டும், ஒருத்தியைக் காட்டிக்கொடுத்துவிட்டு எந்தத் தண்ணீரைக் குடிப்பது?

சரி, சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்றார் பக்தவத்சலம்.

அவருக்குப் பின்னால் கதவு அசைந்தது. விசாலாட்சி வராந்தாப் படியில் இறங்கினாள். செருப்புக்கூடப் போடாமல், அத்தனை பேர் பார்க்க, சுடுகிற மண்ணில் நடந்து வந்து ஆரோக்கியசெல்வியின் பக்கத்தில் நின்று கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டைத் தொறந்துவிட்டது நான்தாங்க. நாளைக்கும் தொறப்பேன்."

இப்போது அவர் காலி செய்யச் சொல்ல வேண்டிய வீடு இரண்டாகிவிட்டது.