நிறைமதியின் காதுகுத்து

தாய்மாமன் இளம்பரிதியின் மடியில், மொட்டைத்தலையில் சந்தனம் காயாமல் உட்கார்ந்திருந்தாள் நான்கு வயது நிறைமதி. ஆறு மாதங்களுக்கு முன் கொதிக்கும் ரசம் கொட்டி வெந்துபோன அவள் காலில், தன் ஆய்வகத்தில் வடிவமைத்த புரதத் தோலை அவன்தான் ஒட்டியிருந்தான். எந்தக் காயத்தையும் அது தானாகவே கண்டறிந்து மூடிவிடும். கால் முழுமையாக ஆறிவிட்டது.

ஆசாரி வலக்காதில் ஊசியைச் செலுத்தி எடுத்தார். கம்மலை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் துளையைக் காணவில்லை. மறுபடியும் குத்தினார், மறுபடியும் மூடிக்கொண்டது. குழந்தை வீறிட்டு அழுதாள்.

"என்ன ஆசாரி, கண்ணாடி மாத்தணுமோ?" என்றார் பந்தியிலிருந்து வந்த ஒருவர்.

"கண்ணுல கோளாறு இல்லீங்க. ஊசியில ரத்தம் இருக்கு பாருங்க. ஓட்டையைத்தான் காணோம்."

அக்காள் மரகதவல்லி தம்பியிடம் குனிந்தாள். "நீ கால்லதானடா ஒட்டின?"

காலில்தான் ஒட்டினான். மூடுவதற்குக் கற்பித்தவன், எங்கே நிற்க வேண்டும் என்பதை அதற்குக் கற்பிக்கவில்லை.

"முடிஞ்சுதுடா கண்ணு, அழாதே," என்று குழந்தையின் காதருகே சொன்னான். அவள் திரும்பவில்லை. பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டான்.

"ஒரு வாரமா இப்படித்தான். கூப்பிட்டா திரும்புறதே இல்ல. வீம்புன்னு நெனச்சு நேத்து அடிச்சிட்டேன்டா," என்றாள் அக்காள்.

இளம்பரிதி குழந்தையின் தலையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். காதுமடலுக்குள், செவித்துவாரம் இருக்க வேண்டிய இடத்தில், வழுவழுப்பான புதுத்தோல் படர்ந்திருந்தது. மறுகாதிலும் அப்படியே.

விரலை அவள் மூக்கின் கீழே வைத்துப் பார்த்தான். ஒரு பக்கத்தில் மட்டுமே மூச்சு வந்தது.