இருக்கக்கூடாத கதிரை

இத்தாலியின் பலெர்மோ நகரத்து மாளிகையொன்றில் ஐந்து வருசமாய்த் துடைத்துவந்த கதிரையில், இன்றைக்குக் கால்மேல் கால் போட்டு இருந்துவிட்டாள் வேலைக்காரி நிரோசினி.

"எழும்பு!" கத்தினான் வீட்டு எசமானி சிக்னோராவின் மகன் அந்த்ரேயா. "இருநூறு வருசத்து நியோகிளாசிக்கல் கதிரை! தூண் மாதிரி நேர்க்கால், முதுகிலை பூமாலைச் செதுக்கல். அம்மா இதிலை ஒருத்தரையும் இருக்கவிடுறேல்லை!"

"தெரியும். எழும்பமாட்டன்."

"உன்ரை வேலை போயிடும்!"

"போகட்டும்."

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. அந்த்ரேயாவின் குரல் இறங்கியது.

"சோடியாக் குடுத்தால்தான் வியாபாரி எடுப்பான். அம்மா சேர்ச் பூசையாலை வரமுந்தி இரண்டையும் ஏத்தவேணும். எழும்பு, நிரோசினி."

"அவ பூசைக்குப் போகேல்லை."

பக்கத்து அறையில், மற்றக் கதிரையிலிருந்து சிக்னோராவின் குரல் கேட்டது.

"நல்லாச் சாய்ஞ்சு இரு, பிள்ளை. நானும் எழும்பமாட்டன்."