வெறும் வயிற்றில் நூற்றெண்பத்தாறு

"நூற்றெண்பத்தாறு! கள்ளமாய் என்னத்தைப் பிள்ளை திண்டனி?"

விரலில் குத்திய ஊசியை விட மாமி இரத்தினம்மாவின் கேள்விதான் உதயகலாவுக்குக் கூடுதலாய் நொந்தது.

"சத்தியமாய் ஒண்டுமில்லை மாமி. ராத்திரி நீங்கள் அவிச்சுத் தந்த குரக்கன் பிட்டு மட்டும்தான்."

"அப்ப நானோ சீனி போட்டனான்?"

வயிற்றில் ஏழு மாதம். கர்ப்ப காலத்துச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னதும், கைக்குள் அடங்கும் அந்தச் சீனி பார்க்கும் மெசினைச் சுவிசிலிருந்து அனுப்பிவைத்தவன் புருசன் பிரவீணன். ஊசியைக் கண்டால் உதயகலா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். விரலைப் பிடிப்பது, குத்துவது, துளி இரத்தத்தை ஒற்றுவது எல்லாம் மாமியின் இலாகா. மெசின் காட்டும் இலக்கத்தைப் படமெடுத்துச் சுவிசுக்கு அனுப்புவது மட்டும் மருமகளின் பொறுப்பு.

அனுப்பிய கையோடு போன் அடித்தது.

"என்னப்பா இது? ஏறிக்கொண்டே போகுது! அம்மா, நீங்கள் ஒண்டும் கவனிக்கிறேல்லையே?"

"உன்ரை மனிசி, உன்ரை பிள்ளை. வந்து நீயே கவனி தம்பி!" மாமி போனை மருமகளிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிரவீணன் கலியாணத்துக்கென்று வந்து, ஒரு மாதம் நின்று, மிச்சக் குடும்பத்தை வட்சப்பில் நடத்துகிறவன். பிள்ளைப்பேற்றுக்கு வரச்சொன்னால், "லீவு தரமாட்டாங்கள்" என்பான். அவன் உடுத்துக் கழற்றிய சாரம் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கியது. உதயகலா அதைத் தோய்க்கவில்லை. தோய்த்தால் அவன் மணம் போய்விடும்.

"எனக்குப் பயமாயிருக்கப்பா. ஒருக்கா வாங்கோவன்."

அன்று பின்னேரமே செய்தி வந்தது: 'ரிக்கெற் போட்டிட்டன்.'

அவன் பிளேன் ஏறிய அன்று காலையில் மருத்துவமாது றொசாந்தி வீட்டுக்கு வந்தாள். மெசினின் பழைய இலக்கங்களைத் தட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டுப்போனாள்.

"முதல்லை கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வாங்கோ."

தானே குத்திப் பார்த்தாள். எண்பத்தெட்டு.

"நல்லாத்தானே இருக்கு! ஆர் உங்களுக்கு நெடுகக் குத்துறது?"

"மாமி."

இரத்தினம்மாவின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சீனியைக் கண்ட றொசாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, உள்ளங்கையிலை சீனியை வைச்சு நக்கி நக்கித் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, அதே கையாலை இவவின்ரை விரலைப் பிடிச்சிருக்கிறியள். உங்கடை கைச்சீனியைத்தான் மெசின் காட்டியிருக்கு!"

"அட கடவுளே! பழக்கதோசம் மிஸ்ஸி." இரத்தினம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஸ்ஸி போனதும் உதயகலா வயிற்றைத் தடவிக்கொண்டாள். "பாவம் மாமி, அவர் வீணாய்ப் பயந்து வெளிக்கிட்டிட்டார்."

"இனி என்ன செய்யிறது பிள்ளை? பிளேன் கிளம்பீற்றுது." மாமி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மகனின் அறையைக் கூட்டப் போனாள். வாய் எதையோ முணுமுணுத்துப் பாடியது.

அப்போதுதான் உதயகலாவுக்கு உறைத்தது: ஒன்பது வருசமாய்ச் சீனி வருத்தக்காரியான மாமி, அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாளாவது தேத்தண்ணிக்குச் சீனி தொட்டதில்லை.